காசிமேட்டு வருமானமும் அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பமும்

தம்பி அமெரிக்காவில் படிக்கிறான் என்று தெரிந்ததும் எங்கள் பக்கத்தில், பழைய வண்ணாரப்பேட்டையில், எல்லாரும் கேட்பது இரண்டே கேள்வி. "கட்-ஆஃப் எவ்ளோ?" "எவ்ளோ செலவாச்சு?" முதல் கேள்விக்குப் பதில் கிடையாது. இருநூறுக்கு இத்தனை என்று கட்-ஆஃப் போட்டு வரிசையாகக் கூப்பிடும் முறை அங்கே இல்லை. இரண்டாவதுதான் சரியான கேள்வி. பதினொன்றாம் வகுப்பில் பிள்ளை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பதால், எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். அப்பா காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு என்ஜின் மெக்கானிக். அம்மா காலையில் வாசலில் இட்லிக் கடை போடுகிறார். வாடகை வீடு. நான் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீசில் டாக்குமென்ட் வேலை பார்க்கிறேன். மாதச் சம்பளம் என்று வீட்டில் வருவது எனக்கு மட்டும்தான். தம்பி அரசு உதவி பெறும் பள்ளியில் ஸ்டேட் போர்டு படித்தவன்.

அமெரிக்காவில் பேர் பெற்ற தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு வருஷம் தங்கிச் சாப்பிட்டுப் படிக்க இப்போது 85,000 டாலருக்கு மேல் ஆகிறது. ரூபாயில் எழுபது லட்சத்தைத் தாண்டும். இதைக் கேட்டதும் எங்கள் தெருவில் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். முடியக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். இதே கல்லூரிகளில் சில, தாங்கள் சேர்த்துக்கொண்ட மாணவனின் குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்குப் போட்டு, மீதியைத் தாங்களே ஏற்றுக்கொள்கின்றன. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் இது உண்டு. வருஷ வருமானம் ஒரு லட்சம் டாலருக்குக் கீழே உள்ள குடும்பம் எதுவும் கட்ட வேண்டாம் என்று ஹார்வர்ட் 2025-இல் அறிவித்தது. நம் பகுதியில் அந்த வரம்பைத் தொடும் குடும்பம் எத்தனை இருக்கும்?

ஆனால் எல்லாக் கல்லூரியும் அப்படி இல்லை. பட்டியல் போடும்போது இதைத்தான் முதலில் பார்த்தோம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்றவை, பணம் கேட்கிற வெளிநாட்டு மாணவனா இல்லையா என்று பார்க்காமலே விண்ணப்பத்தைப் படிக்கின்றன. இதை நீட் பிளைண்ட் (need-blind) என்கிறார்கள், இந்த 'நீட்' பணத் தேவையைக் குறிப்பது, நம் மருத்துவ நுழைவுத் தேர்வு இல்லை. டார்ட்மத்தும் போடினும் 2022-இல் இந்த வழிக்கு வந்தன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஹார்வர்டுக்கு நூறு பேர் விண்ணப்பித்தால் ஏறக்குறைய நாலு பேருக்குத்தான் இடம். அதை மட்டும் நம்பி உட்கார முடியாது. ஸ்டான்ஃபோர்ட், ஸ்வார்த்மோர், பொமோனா போன்றவை வெளிநாட்டு மாணவர்களுக்கு நீட் அவேர் (need-aware). நீங்கள் பணம் கேட்பது முடிவெடுக்கும்போது கணக்கில் வரும், ஆனால் எடுத்துக்கொண்டால் தேவையான முழுத் தொகையையும் தருவார்கள். பெர்க்லி, யூ.சி.எல்.ஏ. மாதிரி கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு இளநிலை மாணவர்களுக்குக் குடும்ப நிலை பார்த்து உதவி தருவதில்லை. தம்பிக்கு பெர்க்லி மேல் ரொம்ப ஆசை. நான்தான் பட்டியலில் இருந்து எடுத்தேன். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அவன் கோபத்துக்காக அதை மறுபடி சேர்க்கவில்லை. இடம் கிடைத்துவிட்டு, கட்ட வழியில்லாமல் விடுவது பதினேழு வயதுப் பிள்ளைக்கு இன்னும் பெரிய அடி.

நடுவில் ஒரு கன்சல்டன்சிக்கும் போனோம். ஏசி அறை, கண்ணாடி மேசை. "உதவி கேட்டா சீட் கிடைக்காதுங்க. ஃபுல் ஃபீஸ் கட்டுறோம்னு போடுங்க, லோன் பாத்துக்கலாம்" என்றார் அங்கிருந்தவர். நீட் அவேர் கல்லூரிகளில் உதவி கேட்டால் வாய்ப்புக் குறையும் என்பது உண்மைதான். அதற்காகக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. பல கல்லூரிகளில், விண்ணப்பிக்கும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவன் அப்புறம் படிப்பு முடியும் வரை கேட்க முடியாது. லோன் என்றால் பெரிய தொகைக்கு வங்கி சொத்தைத்தான் அடமானம் கேட்கும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் எதை வைப்பது? அந்த ஆளின் பேச்சைக் கேட்டு எத்தனை வீடு கடனில் விழுந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. யாருக்காவது பணம் கட்டும் முன்னால் எஜுகேஷன்யூஎஸ்ஏ மையத்தில் கேளுங்கள். அது அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆலோசனை அமைப்பு, சென்னையிலும் இருக்கிறது.

சரி, எங்கள் வீட்டில் பெரிய சண்டை நடந்தது சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற நிதி உதவிப் படிவத்துக்காக. எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டுதான் இதையும் நடத்துகிறது. குடும்ப வருமானம், வீடு, சேமிப்பு, கடன் எல்லாவற்றையும் கேட்கும். அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "நம்ம ஊட்டுக் கணக்க வெள்ளக்காரன்கிட்ட எதுக்கும்மா சொல்லணும்? கொஞ்சம் கூட்டிப் போடு, கவுரவமா இருக்கும்" என்றார். அந்த வார்த்தை எனக்கு வலித்தது. நாற்பது வருஷமாக டீசலில் கை வைத்துச் சம்பாதிக்கிறவர், குறைவாகச் சம்பாதிப்பதைச் சொல்ல ஏன் கூச வேண்டும்? எங்கள் ஆபீசில் இன்வாய்சில் ஒரு தொகை, பேக்கிங் லிஸ்டில் வேறு கணக்கு என்று இருந்தால் சரக்கு துறைமுகத்திலேயே நின்றுவிடும். இதுவும் அப்படித்தான் என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் அடுத்த சிக்கல். அப்பாவின் வருமானத்துக்கு மாதக் கணக்கு கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் நிற்கும். அப்போதுதான் என்ஜினைப் பிரித்துப் பார்ப்பார்கள், அப்பாவுக்கு ராத்திரி பகலாக வேலை. ஆனால் காசு கைக்கு வருவது படகு திரும்பக் கடலுக்குப் போய், மீன் வந்து, ஏலம் போன பிறகு. புயல் எச்சரிக்கை வந்தால் வேலையும் இல்லை, வசூலும் இல்லை. இதை ஒரு கட்டத்துக்குள் ஒரே தொகையாக எப்படி எழுதுவது?

நல்ல வேளையாக, குடும்பத்தின் தனி நிலைமையை விளக்கி எழுத அந்தப் படிவத்தில் ஒரு பகுதி உண்டு. தடைக்காலம் என்றால் என்ன, ஏன் வேலை ஒரு மாதத்திலும் பணம் வேறு மாதத்திலும் வருகிறது என்று சின்னச் சின்ன வாக்கியத்தில் எழுதினோம். கூட்டிப் போடவும் இல்லை, குறைத்துப் போடவும் இல்லை. அம்மா கட்டிக்கொண்டிருந்த ஏலச்சீட்டைச் சேமிப்பில் காட்டினோம். ஏற்கெனவே எடுத்துவிட்டு இன்னும் தவணை கட்டும் சீட்டைக் கடன் என்று விளக்கினோம். அடகுக் கடையில் இருந்த அம்மாவின் வளையலையும் விடவில்லை. என் சம்பளத்தில் எவ்வளவு வீட்டுக்குப் போகிறது என்பதையும் எழுதினோம். அப்பா வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பதில்லை என்பதற்கு அவரே கையெழுத்திட்ட கடிதம், இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிய தாசில்தாரின் வருமானச் சான்றிதழ், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. தொகையை ரூபாயிலேயே நிரப்பலாம். ஒரு கல்லூரியின் நிதி உதவி அலுவலகம் ஈமெயிலில் திரும்பக் கேட்டது தடைக்காலத்தைப் பற்றித்தான். அரசு அறிவிப்பை அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் கேள்வி கேட்டால் பயப்பட வேண்டாம். கவனமாகப் படிக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

விண்ணப்பக் கட்டணமே ஒரு சுமை. பல கல்லூரிகள் 75 முதல் 90 டாலர் வரை கேட்கும். காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்திலேயே கட்டண விலக்குக் கேட்கலாம், பல கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களுக்கும் கொடுக்கின்றன. சிஎஸ்எஸ் படிவத்துக்குத் தனிக் கட்டணம். அதற்கும் சில கல்லூரிகள் விலக்குக் குறியீடு தருகின்றன, எழுதிக் கேட்க வேண்டும். எஸ்ஏடிக்குக் கோச்சிங் போகவில்லை. காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் மாதிரித் தேர்வும், கான் அகாடமி இணையதளப் பாடங்களும் இலவசம். எம்.ஐ.டி., ஹார்வர்ட், டார்ட்மத் எல்லாம் மறுபடி தேர்வு மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கிவிட்டன, அதனால் அதைத் தவிர்க்க நினைக்காதீர்கள்.

காமன் ஆப்பில் பத்து செயல்பாடுகள் எழுத இடம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்துக்குள் விளக்கம். "எனக்கு ஒலிம்பியாடும் இல்ல, என்ஜிஓவும் இல்ல, என்னக்கா எழுதுறது?" என்று தம்பி உட்கார்ந்துவிட்டான். சனி ஞாயிறில் அப்பாவோடு போய் என்ஜின் பிரிப்பவன், விடியற்காலையில் அம்மாவுக்கு மாவு தூக்கிக் கொடுப்பவன், தெருவில் கேரம் ஆடி வட்டப் போட்டி வரை போனவன் இப்படிக் கேட்கிறான். சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்கும் குடும்பப் பொறுப்புக்கும் அந்தப் பட்டியலிலேயே தனித்தனி வகை இருக்கிறது. நம் பிள்ளைகள் செய்யும் வேலையை அவர்கள் வேலை என்று மதிக்கிறார்கள், நாம்தான் அதை எழுத வேண்டும்.

விண்ணப்பக் கட்டுரை 650 வார்த்தைக்குள். வடசென்னை என்றால் ரவுடி, சாக்கடை என்று எழுதினால் எடுபடும் என்று அந்தக் கன்சல்டன்சிக்காரர் சொல்லியிருந்தார். தம்பி அதைத் தொடவில்லை. ஒரு படகு என்ஜின் கறுப்புப் புகை கக்கும்போது காரணத்தை அப்பா காதால் கேட்டே எப்படிச் சொல்கிறார், தான் அதைப் புத்தகத்தை வைத்துச் சரிபார்க்கப் போய் என்ன தெரிந்துகொண்டான் என்று எழுதினான். நம் ஊரைக் கேவலமாகக் காட்டி ஒரு இடம் வாங்க வேண்டிய அவசியம் எந்தப் பிள்ளைக்கும் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பரிந்துரைக் கடிதத்தை மாணவனையே எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடும் வழக்கம் நம் பள்ளிகளில் உண்டு. அதை ஏற்காதீர்கள். எங்கள் இயற்பியல் சார் தமிழில் எழுதினார், ஆங்கில டீச்சர் மொழிபெயர்த்தார், இரண்டையும் சேர்த்து அனுப்பினார்கள். அவ்வளவு அழகான கடிதத்தை நாங்கள் எழுதியிருக்க முடியாது. பல கல்லூரிகளின் விண்ணப்பக் கெடுவான ஜனவரி முதல் தேதி அரையாண்டு விடுமுறையில் வரும், பள்ளி பூட்டியிருக்கும். தலைமை ஆசிரியரின் படிவங்களை டிசம்பர் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள்.

முடிவுகள் மார்ச் கடைசியில் வந்தன. பெரும்பாலானவை இல்லை என்றுதான் வந்தன, பெரிய பெயர்கள் எல்லாமே. ஒரு சிறு கல்லூரி எடுத்துக்கொண்டது, விமானக் கட்டணம் உட்பட. தம்பியைவிட நன்றாகக் கணக்குப் போடும் அவன் சிநேகிதனுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. அவன் கிண்டி பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். இதில் நியாயம் முழுதாக இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். அதனால் இங்கே கலந்தாய்வுக்கும் சேர்த்தே பிள்ளையைத் தயார் செய்யுங்கள். விசாவுக்கு, கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவத்திலேயே யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று இருக்கும். விசா நேர்காணலில் அப்பாவின் வருமானத்தைக் கேட்டபோதும் தம்பி படிவத்தில் எழுதிய அதே தொகையைச் சொன்னான்.

இந்த உதவிக்கு வருஷா வருஷம் மறுபடி கணக்குக் கொடுக்க வேண்டும். அதனால் இப்போது அப்பா எந்தப் படகு எப்போது எவ்வளவு கொடுத்தது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுகிறார். உங்கள் வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இந்த மாதமே அப்படி ஒரு நோட்டு போடுங்கள். சிஎஸ்எஸ் படிவம் அக்டோபர் 1 அன்று திறக்கும்.