ஸ்கோரில் ஏறாத ஓட்டம்: ஃபூட்டி அணிகளில் சக வீரரின் நேர்ப்பேச்சு

ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பாலை அங்கே எல்லோரும் ஃபூட்டி என்றுதான் சொல்வார்கள். இந்த ஆட்டத்தில் ஒருவர் தன் வேலையைச் செய்தாரா இல்லையா என்பது முழுதாகத் தெரிவது, அந்த நிமிடத்தில் அவருக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேருக்குத்தான். திடல் அத்தனை பெரிது. மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஆட்டப் பரப்பின் நீளமே ஏறக்குறைய 160 மீட்டர். பக்கத்துக்கு 18 பேர். ஆஃப்சைடு கிடையாது, அதனால் யாரும் எங்கும் போகலாம். கேமரா பந்தின் பின்னால் போகிறது. உதை, ஹேண்ட்பால் (பந்தை முஷ்டியால் தட்டிக் கொடுப்பது), மார்க் (உதைத்த பந்தைத் தரையில் படுமுன் பிடிப்பது), டேக்கிள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்துவது) எல்லாம் எண்ணிக்கையில் ஏறுகின்றன. பந்து பறிபோன கணத்தில் திரும்பி 60 மீட்டர் ஓடி, எதிரணி உதைக்க நினைத்த இடைவெளியில் போய் நின்றவரின் வேலை எதிலும் ஏறாது. அவர் நின்றதால் அந்த உதை வரவே இல்லை. வராத உதையை யார் எண்ணுவது? முதுகில் கட்டிய ஜிபிஎஸ் கருவி எத்தனை மீட்டர் ஓடினார் என்று சொல்லும். ஓட வேண்டிய நேரத்தில் ஓடினாரா என்பதைச் சொல்லாது.

இன்னொரு காரணமும் உண்டு. பயிற்சியாளர் அரங்கின் மேல்தட்டில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பார். அவர் சொல்வதைத் திடலுக்குள் கொண்டுபோகத் தூதர் போல ஒரு 'ரன்னர்' உண்டு. 2019 முதல், இந்த ஆட்டத்தின் உச்ச லீகான ஏஎஃப்எல் போட்டிகளில் அந்த ரன்னர் கோல் விழுந்த பிறகு மட்டுமே உள்ளே போகலாம், ஆட்டம் மறுபடி தொடங்குமுன் வெளியே வந்துவிட வேண்டும். ஆக, ஆட்டத்தின் பெரும்பகுதியில் வீரர்கள்தான் ஒருவரையொருவர் திருத்திக்கொள்ள வேண்டும். வாரநாளில் முகத்துக்கு நேரே பேசிப் பழகாதவர்கள், சனிக்கிழமை மூச்சு வாங்க ஓடும்போது திடீரென்று பேசிவிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

வீரர்கள் ஒருவருக்கொருவர் குறை நிறைகளை முகத்துக்கு நேரே சொல்லும் இந்தப் பழக்கத்தை ஒரு முறையாக வகுத்து கிளப்புகளுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ரே மெக்லீன். அவருடைய 'லீடிங் டீம்ஸ்' நிறுவனம் சிட்னி ஸ்வான்ஸ், ஜீலாங் ஆகிய இரண்டு கிளப்புகளோடும் வேலை செய்தது. இரண்டின் கதையையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

ஸ்வான்ஸ் கிளப் 1982இல் தெற்கு மெல்போர்னிலிருந்து சிட்னிக்கு இடம்பெயர்ந்தது. 2002இன் நடுவில் பால் ரூஸ் பயிற்சியாளர் பொறுப்புக்கு வந்தார், 2003இல் ஸ்டூவர்ட் மேக்ஸ்ஃபீல்ட் கேப்டன் ஆனார். பழைய தெற்கு மெல்போர்ன் காலத்துப் பட்டப்பெயரான 'பிளட்ஸ்' என்பதையே தங்கள் அடையாளமாக வீரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயருக்கு உரியவன் எப்படி நடந்துகொள்வான், எதைச் செய்யமாட்டான் என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள். 2005 இறுதிப் போட்டியில் வெஸ்ட் கோஸ்ட் அணியை 58க்கு 54 என்று வென்றார்கள். 72 வருடத்தில் அந்தக் கிளப்பின் முதல் பட்டம் அது. நான்கே புள்ளி வித்தியாசம் என்னும்போது, ஸ்கோரில் ஏறாத அந்த ஓட்டங்கள் எவ்வளவு பெறும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஜீலாங் கதை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 2006இல் திறமையான அணி பத்தாவது இடத்தில் முடிந்தது. கிளப் தன்னையே அலசிப் பார்த்தது, டாம் ஹார்லி புதிய கேப்டனாக வந்தார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் ஸ்டீவ் ஜான்சன் குடிபோதையில் கைதானபோது, வீரர்களே அடங்கிய தலைமைக் குழு அவரைத் தண்டித்து, 2007 பருவத்தின் தொடக்க ஆட்டங்களிலிருந்து விலக்கி வைத்தது. அணியின் மிகத் திறமையான முன்கள ஆட்டக்காரர்களில் ஒருவர் அவர். தண்டனை நிர்வாகத்திடமிருந்து வந்திருந்தால் அவர் கோபப்பட ஓர் எதிரி கிடைத்திருப்பார். தினமும் கூட ஓடுபவர்களே சொன்னதால் அப்படி யாரும் இல்லை. அவர் திரும்பி வந்தார். அதே ஆண்டு இறுதிப் போட்டியில் ஜீலாங் போர்ட் அடிலெய்டை 119 புள்ளிகளில் வென்றது, இறுதிப் போட்டி வரலாற்றிலேயே மிகப் பெரிய வித்தியாசம். அன்றைய சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் ஜான்சனுக்குத்தான்.

இதைப் படித்துவிட்டுப் பல உள்ளூர் கிளப்புகள் வீரர்களை வட்டமாக உட்கார வைத்து, "மனதில் இருப்பதைச் சொல்லுங்கள்" என்று தொடங்குகின்றன. அது பெரும்பாலும் சண்டையில் முடியும், அல்லது எல்லோரும் எல்லோரையும் புகழ்ந்துவிட்டு எழுந்து போவார்கள். முதலில் பட்டியல் வேண்டும். நம் அணி என்றால் என்ன செய்யும் என்று நான்கைந்து செயல்களை வீரர்களே பேசி எழுத வேண்டும். 'கடுமையாக உழைப்போம்' என்பது பயன்படாது, அதை அவரவர் அவரவருக்குப் பிடித்தபடி அர்த்தம் செய்துகொள்ளலாம். 'பந்து பறிபோனால் முதல் மூன்று விநாடி முழுவேகத்தில் திரும்பி ஓடுவோம்' என்பது பயன்படும், ஏனென்றால் செய்தாரா இல்லையா என்று வீடியோவில் பார்த்துவிடலாம். 'பந்து வைத்திருப்பவனுக்குப் பக்கத்தில் இருந்தால் அவனைத் துரத்துபவனை உடம்பால் மறிப்போம்' என்பதும் அப்படியே. நேர்மையை விட இந்தப் பட்டியல்தான் அடிப்படை என்பது என் உறுதியான கருத்து. பட்டியல் இருந்தால் சொல்பவர் தன் விருப்பு வெறுப்பைச் சொல்லவில்லை, எல்லோரும் ஒப்புக்கொண்டதை நினைவூட்டுகிறார். இல்லாவிட்டால் எவ்வளவு நல்லெண்ணத்தோடு சொன்னாலும் அது ஆளைப் பற்றிய தீர்ப்பாகத்தான் கேட்கும்.

பிறகு அமர்வு. நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிய வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் மூத்தவர், இளையவர், முன்களம், பின்களம் எல்லாம் கலந்திருப்பது நல்லது. ஒரு வீரரைப் பற்றி மூன்று கேள்விகள்: எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடங்க வேண்டும். பேசி முடித்துக் குழுக்கள் ஒவ்வொன்றும் அவரிடம் நேராகச் சொல்லும். அவர் பதில் சொல்லக்கூடாது. புரியாவிட்டால் "எந்த ஆட்டத்தில், எப்போது?" என்று மட்டும் கேட்கலாம். கடைசியில் கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லி, ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏழு குறைகளோடு வீட்டுக்குப் போகிறவர் ஒன்றையும் திருத்தமாட்டார். ஒரு வீரருக்குப் பத்து நிமிடம் என்றாலும் திடலில் 18, மாற்று வீரர்கள் 4 என 22 பேருக்கு 220 நிமிடம் ஆகும். ஒரே இரவில் முடிக்க நினைத்தால் பன்னிரண்டாவது ஆளிலிருந்து எல்லோரும் சோர்ந்து, முந்தையவருக்குச் சொன்னதையே அடுத்தவருக்கும் சொல்லத் தொடங்குவார்கள். வாரத்துக்கு நான்கு பேர் போதும், வியாழன் பயிற்சி முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்த அன்று மாலை வேண்டவே வேண்டாம், தோற்ற வலியும் பியரும் கலந்த பேச்சு அது.

நாற்காலியில் உட்கார்ந்து தன்னைப் பற்றிக் கேட்கும் முதல் ஆள் கேப்டனாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பத்தொன்பது வயதுப் பையன் கேப்டனைப் பார்த்து, "மூன்றாம் குவார்ட்டரில் பந்து போன இரண்டு தடவையும் நீங்கள் கையை விரித்துவிட்டு நடந்தீர்கள்" என்று சொல்லி, கேப்டன் "ஆமாம், நடந்தேன்" என்று ஒப்புக்கொண்டால் அந்த அறையின் காற்றே மாறிவிடும். கேப்டன் விளக்கம் கொடுக்க ஆரம்பித்தாரோ, அந்த வருடத்துக்கு அந்த அமர்வு செத்தது.

சொல்லின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். "நீ சோம்பேறி" என்பதில் திருத்திக்கொள்ள எதுவும் இல்லை. "ஸ்டாப்பேஜ் (ஆட்டம் நின்று நடுவர் பந்தை மறுபடி ஆட்டத்தில் போடும் கட்டம்) முடிந்ததும் உன் ஆளை விட்டுவிட்டுப் பந்தைப் பார்த்து நிற்கிறாய், அவன் மூன்று தடவை தனியாக ஓடினான், அவனை மறிக்க நான் என் ஆளை விட வேண்டியிருந்தது" என்பதில் செயல் இருக்கிறது, நேரம் இருக்கிறது, அது அடுத்தவனுக்கு என்ன செய்தது என்பதும் இருக்கிறது. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கேட்பவரை மாற்றுவது பெரும்பாலும் அதுதான். 'தொடர வேண்டும்' என்ற கேள்வியையும் மரியாதைக்கான முன்னுரையாகத் தள்ளிவிடக்கூடாது. இடைவெளியை அடைத்த அந்த 60 மீட்டர் ஓட்டத்தை ஒருவர் எழுந்து பெயர் சொல்லிக் குறிப்பிட்டால், அதுவரை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தவர் அடுத்த வாரமும் ஓடுவார்.

இது கெட்டுப்போகும் வழிகளில் மிக மோசமானது, ஒருவரின் வாழ்க்கையை ஆட்டத்துக்கான ஆயுதமாக்குவது. 2017 இறுதிப் போட்டியில் ரிச்மண்டிடம் தோற்ற அடிலெய்ட் க்ரோஸ், 2018இன் தொடக்கத்தில் வெளியார் நடத்திய ஒரு முகாமுக்குப் போனது. ஆலோசகரிடம் நம்பிக்கையாகச் சொன்ன அந்தரங்க விஷயங்களைப் பிறகு சக வீரர்கள் முன்னால் தன்மேல் வீசினார்கள் என்று ஆஸ்திரேலியப் பழங்குடியைச் சேர்ந்த அந்த அணி வீரர் எடி பெட்ஸ் 2022இல் வெளியான தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். பழங்குடி மரபுகளை அங்கே கையாண்ட விதமும் அவரைப் புண்படுத்தியது. கிளப் மன்னிப்புக் கேட்டது. அதே 2017இல் ரிச்மண்ட் வீரர்களும் தங்கள் வாழ்க்கையின் கஷ்டங்களைக் குழுவுக்கு முன் சொன்னார்கள். ஆனால் எதைச் சொல்வது என்பதைச் சொல்பவரே தேர்ந்தெடுத்தார், கேட்டவர்கள் அதை வைத்து அவரைத் தாக்கவில்லை. தானே திறக்கும் கதவும் பிறர் உடைக்கும் கதவும் ஒன்றல்ல. குடும்பம், உடம்பின் தோற்றம், மத நம்பிக்கை, சாதி, இனம் ஆகியவற்றுக்கு இந்த அறையில் இடமில்லை என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கூட்டத்தின் முன் குறை கேட்பதைப் பெரும் அவமானமாக உணரும் வீரருக்கு, அவர் நம்பும் ஒருவர் தனியாக நடந்துகொண்டே சொல்லலாம்.

மற்ற பிழைகள் சிறியவை, ஆனால் அடிக்கடி வருபவை. அறையில் பேசியதைத் தேர்வுக்குழு அணித் தேர்வுக்குப் பயன்படுத்தினால், அடுத்த வாரம் எவரும் நண்பனைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். அதனால் பயிற்சியாளர் முதல் சில அமர்வுகளில் வெளியே இருப்பது நல்லது. நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவரே எல்லாக் குழுக்களின் சார்பிலும் பேசும்படி விட்டுவிடக்கூடாது. வந்து இரண்டு வாரம்கூட ஆகாத புதியவரை நாற்காலியில் உட்கார வைக்கவும் கூடாது. அவர் இன்னும் யாரையும் நம்பத் தொடங்கியிருக்கமாட்டார்.

பலரும் மறந்துவிடும் வேலை ஒன்று உண்டு. குறை சொன்னவர்களில் ஒருவரே அந்த வீரருக்குத் துணையாக நிற்க வேண்டும். அடுத்த மூன்று ஆட்டங்களில் அந்த ஒரு விஷயத்தை மட்டும் கவனித்து, திங்கட்கிழமை இரவு நான்கு வரி செய்தி அனுப்பினால் போதும்: இத்தனை தடவை வாய்ப்பு வந்தது, இத்தனை தடவை திரும்பி ஓடினாய், இந்த ஒரு தடவை ஓடவில்லை, வியாழன் பயிற்சியில் அதைச் சேர்ந்து செய்து பார்ப்போம்.