ஒரு பார் இழப்பும் ஆறு சதவீத சக்தியும்

கொச்சி–மங்களூர் கேஸ் குழாய், 450 கிலோமீட்டர், 2021 ஜனவரியில் திறக்கப்பட்டது. கேரளத்தின் கூற்றநாட்டில் பிரியும் கிளை, தமிழக எல்லையில் உள்ள வாளையாறு வரை வந்திருக்கிறது. நம் வாசலுக்கே வந்துவிட்ட இந்தத் துறைக்குப் போகும் தம்பிகளுக்காக, குழாய் நிலையங்களில் கேஸை அழுத்தித் தள்ளும் சென்ட்ரிஃபியூகல் கம்ப்ரஸர் பற்றிக் கொஞ்சம்.

எரிபொருள் அதிகம் குடிக்கிறது என்றதும் உள்ளே சுழலும் இம்பெல்லரைச் சந்தேகிக்காதீர்கள். முதலில் மெஷினுக்கு வெளியே பாருங்கள். சக்‌ஷன் (கேஸ் உள்ளே வரும் பக்கம்) 50 பார், டிஸ்சார்ஜ் (வெளியேறும் பக்கம்) 70 பார் அழுத்தம் என்றால் அழுத்த விகிதம் வெறும் 1.4. விகிதம் இவ்வளவு சிறியதாக இருக்கும்போது சின்ன இழப்பும் பெரிதாக வலிக்கும். சக்‌ஷன் ஃபில்டரில் 1 பார் போனால், அதே அளவு கேஸைத் தள்ள ஏறக்குறைய 6 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். டிஸ்சார்ஜ் பக்கம் 1 பார் போனால் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். கமிஷனிங்கின்போது (முதன்முதலில் ஓட்டத் தொடங்கியபோது) போட்ட கூம்பு ஸ்ட்ரெய்னர் என்ற தற்காலிக வடிகட்டி இன்னும் உள்ளேயே கிடக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஃபில்டர் டிபியை (அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை) ஒரே ஃப்ளோவில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். ஃப்ளோ பாதியானால் டிபி கால்வாசியாகிவிடும், அழுக்கு ஃபில்டரும் சுத்தமானதுபோல் தெரியும்.

அடுத்தது ஆன்டி-சர்ஜ் வால்வு. ஃப்ளோ மிகக் குறைந்தால் கேஸ் பின்னோக்கி அடித்து மெஷின் அதிர்வதுதான் சர்ஜ்; அதைத் தடுக்க, அழுத்திய கேஸில் கொஞ்சத்தை இந்த வால்வு உள்வாயிலுக்கே திருப்பி அனுப்பும் (ரீசைக்கிள்). பெரும்பாலான வீண்செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது என்பது என் கருத்து. பயத்தில் மேனுவலில் போட்டு லேசாகத் திறந்தே விடுவார்கள். அழுத்திய கேஸில் 10 சதவீதம் திரும்பி வந்தால், கொடுத்த சக்தியில் 10 சதவீதம் போயிற்று. ஸ்கிரீனில் 'மூடியது' என்று காட்டினாலும் வால்வு மூடி உட்காரும் சீட் தேய்ந்து கேஸ் ஒழுகலாம். அல்ட்ராசோனிக் கருவியை வால்வைத் தாண்டிய பக்கக் குழாயில் வைத்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். லோடு பாதியாக இருக்கும்போது இரண்டு மெஷினையும் சர்ஜ் தொடங்கும் எல்லைக் கோட்டருகே, ரீசைக்கிளோடு ஓட்டாதீர்கள், ஒன்றை நிறுத்துங்கள்.

ஃப்ளோவைக் குறைக்க வால்வை நெரிக்காமல் ஆர்பிஎம்மைக் குறையுங்கள். சக்தி வேகத்தின் மும்மடிப்படி இறங்கும்.

அழுத்திய கேஸைக் குளிர்விக்கும் ஆஃப்டர்கூலரின் ஃபின்களை (மெல்லிய தகடுகளை), பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதி வாரும் மாதங்களில் அடிக்கடி கழுவ வேண்டும். கேஸ் குளிர்ந்து போனால் அடுத்த நிலையம் வரை குழாயில் அழுத்த இழப்பு குறையும்.

இத்தனைக்கும் பிறகும் கணக்கு இடித்தால் பாலிட்ராபிக் எஃபிசியன்சி பாருங்கள்; கம்ப்ரஸரின் செயல்திறனை, அழுத்தத்தையும் வெப்பநிலை ஏற்றத்தையும் வைத்துக் கணக்கிடும் அளவு அது. ஆனால் 1.4 விகிதத்தில் வெப்பநிலை ஏற்றமே சுமார் 30 டிகிரிதான். ஒரு டிகிரி தவறாகக் காட்டும் சென்சார், எஃபிசியன்சியில் 3 சதவீதத்துக்கு மேல் பொய் சொல்லும். இரண்டு பக்க ஆர்டிடியையும் (வெப்பநிலை சென்சார்) ஒரே வெப்பநிலையில் வைக்கும் திரவத் தொட்டியில் சரிபார்த்துவிட்டு, அப்புறம் கேசிங்கை (வெளிக்கூட்டை) திறந்து, உள்ளே கேஸ் கசிவைக் குறைக்கும் லேபிரிந்த் சீலின் இடைவெளியை அளக்கலாம்.