பழைய ஜன்னலுக்கு உள்ளே ஒரு புதிய ஜன்னல்

லண்டனில் நாங்கள் குடியிருப்பது விக்டோரியா காலத்து வீடு. அது பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருப்பதால், மேலும் கீழுமாக நகரும் அதன் மரச் சட்ட ஜன்னல்களைக் கழற்றிவிட்டு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வைக்க எளிதில் அனுமதி கிடைப்பதில்லை. ஆகவே பழைய ஜன்னலைத் தொடாமல், அறையின் உட்புறமாக இன்னொரு மெல்லிய ஜன்னலைப் பொருத்த முடிவு செய்தோம். அது உருவாகும் பட்டறையையும் போய்ப் பார்த்தேன்.

கண்ணாடியை வெட்டுவதில் வேலை தொடங்குகிறது என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது அளவெடுப்பதிலேயே தொடங்கிவிடுகிறது. பழைய வீட்டின் ஜன்னல் திறப்பு எதுவும் சரியான செவ்வகமாக இருப்பதில்லை என்பதால், அகலத்தையும் உயரத்தையும் தலா மூன்று இடங்களில் அளந்து, மூலைவிட்டங்கள் இரண்டையும் ஒப்பிட்டு, கிடைத்ததில் சிறிய அளவையே எடுத்துக்கொள்கிறார்கள். முதலில் நாங்கள் அமர்த்திய ஒருவர் ஒரே இடத்தில் அளந்துவிட்டுப் போனார்; அவர் கொண்டுவந்த சட்டம் மேலே பொருந்தியது, கீழே நுழையவே இல்லை. அந்தக் கண்ணாடி உறுதியூட்டப்பட்ட வகை. வெட்டி முடித்த பிறகு 600 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சிச் சட்டெனக் குளிர்விப்பதால்தான் அதற்கு அந்த உறுதி வருகிறது. அதன் பின் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டரைக்கூடக் குறைக்க முடியாது, முயன்றால் முழுப் பலகையும் பொடிப்பொடியாகச் சிதறிவிடும். முழுப் பலகையையும் வீணாக்க வேண்டியதாயிற்று.

சட்டத்துக்கு அலுமினியம்தான் பெரும்பாலும் பயன்படுகிறது. ஏறத்தாழ 450 டிகிரிக்குச் சூடாக்கிய உலோகக் கட்டியை, முறுக்கு உழக்கில் மாவைப் பிழிவதுபோல், எஃகு அச்சின் வழியே அழுத்தி நீண்ட கம்பிகளாக எடுக்கிறார்கள். அவற்றின் மேல் வண்ணப் பொடியைத் தூவி, சுமார் 200 டிகிரி சூட்டில் உருக்கிப் படியவைக்கிறார்கள். பட்டறைக்கு வந்துசேரும் இந்தக் கம்பிகளை ஒவ்வொரு ஜன்னலின் அளவுக்கும் ஏற்ப அறுத்து, கண்ணாடியின் நான்கு ஓரங்களிலும் ரப்பர் பட்டையைச் சுற்றி, அதன் மேல் சட்டத்தைத் தட்டி இறக்கி, மூலைகளில் திருகாணி முடுக்குகிறார்கள். மூலையில் பட்டை சுருங்கி மடியாதபடி அதைச் சிறு கத்தியால் கீறி வளைத்த கைகளின் நிதானத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்களுக்கு வேண்டியிருந்தது 6.4 மில்லிமீட்டர் கண்ணாடி, அதாவது இரண்டு 3 மில்லிமீட்டர் பலகைகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. வீட்டருகே ரயில் பாதை ஓடுவதால், ஒலியைத் தடுக்க இதையே தேர்ந்தெடுத்தோம். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 16 கிலோ எடை வருமென்பதால், மேலே தூக்கித் திறக்கும் ஜன்னல் பாதியில் நழுவாமல் நிற்க, பக்கவாட்டுக் குழாய்களில் சுருள்வில்லை வைத்து, கண்ணாடியின் எடைக்கேற்ப அதை இத்தனை சுற்று என்று எண்ணி முறுக்குகிறார்கள்.

இரண்டு ஜன்னல்களுக்கும் இடையே விடும் இடைவெளிதான் மிக முக்கியம் என்பது என் கருத்து. குளிரைத் தடுக்க 20 மில்லிமீட்டர் அளவே போதும். சத்தம் குறைய வேண்டுமானால் குறைந்தது 100 மில்லிமீட்டராவது தேவை. வெப்பத்தை உள்ளேயே திருப்பியனுப்பும் கடினப் பூச்சுள்ள கண்ணாடியை, பூச்சு வெளிப்புறம் பார்க்கும்படி பொருத்தினால், ஜன்னல் வழியே போகும் வெப்ப இழப்பு 60 சதவீதத்துக்கும் மேல் குறையும் என்று இங்கிலாந்தின் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து சொல்கிறது.

பொருத்த வந்தவர் உள் ஜன்னலின் விளிம்புகளைச் சிலிக்கோனால் இடைவெளியே இல்லாமல் அடைத்தார். வெளி ஜன்னலின் சிறு இடுக்குகளையோ அப்படியே விட்டுவிடச் சொன்னார். அறையின் ஈரக்காற்று நடுவே புகக் கூடாது, புகுந்த கொஞ்சமும் வெளியேற வழி இருக்க வேண்டும் என்பதே காரணம். சென்ற குளிர்காலம் வரை விடிந்ததும் துணி கொண்டு துடைத்துவந்த அந்த வெளிக்கண்ணாடி, இந்த ஜனவரியில் ஒரு நாள்கூட நனையவில்லை.