அம்மாவில் புள்ளி எங்கே?

லினக்ஸ் கணினியில் தமிழ் தட்டச்சு செய்ய, க்னோம் என்ற திரைச்சூழலின் அமைப்புகளில் விசைப்பலகைப் பக்கம் போய், கூட்டல் குறியை அழுத்தித் தமிழைத் தேடினால் ஒரு பட்டாளமே வந்து நிற்கும். இன்ஸ்கிரிப்ட், தமிழ்நெட் 99, தமிழ் எண்களுடன் தமிழ்நெட் 99, டாப் குறியாக்கம், டிஸ்கி குறியாக்கம்... கடைசி இரண்டும் யூனிகோடு பரவுவதற்கு முந்தைய காலத்து ஆசாமிகள்; கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். மிச்சத்தில் 99 என்று கண்ணில் பட்டதும், 'ஆஹா, நம்ம தமிழ்99 விசைப்பலகை!' என்று சேர்த்துக்கொள்கிறார்களே, வினை அங்கேதான் ஆரம்பம்.

அது எக்ஸ்கேபி லேஅவுட், அதாவது லினக்ஸின் அடிப்படை விசை வரைபடம். ஒரு விசையைத் தட்டினால் ஒரு குறியைத் தரும். முந்தின விசை எது என்பதெல்லாம் அதற்கு ஞாபகம் இருக்காது. தமிழ்99-இன் சுகமே அந்த ஞாபகத்தில்தான் இருக்கிறது. 'அம்மா'வுக்கு ஏ, கே, கே, க்யூ என்று நாலே தட்டு. இரண்டாவது ம வந்ததும் முதல் ம தலையில் தானாகப் புள்ளி ஏறும். க்யூவில் குடியிருக்கும் ஆ, துணைக்காலாகி ஒட்டிக்கொள்ளும். ங-வை அடுத்து க தட்டினால் 'ங்க'. எக்ஸ்கேபியிடம் இந்த உபசாரமெல்லாம் கிடைக்காது. புள்ளியை நாமே கையால் வைக்க வேண்டியதுதான்.

நமக்கு வேண்டியது ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக வரும், எம்17என் என்ற தொகுப்பின் தமிழ்99. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் ஐபஸ்-எம்17என் என்ற பொதியை நிறுவ வேண்டும். நிறுவிய கையோடு பட்டியலைத் திறந்தால் அதைக் காணோம். உடனே நீக்குவது, மறுபடி நிறுவுவது, திட்டுவது. லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வந்தால் போதும். ஐபஸ் புதிதாகத் தொடங்கும்போதுதான் புது ஆளைப் பார்க்கும். பெயருக்குப் பின்னால் எம்17என் என்று அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

கேடிஇ பிளாஸ்மா என்ற இன்னொரு திரைச்சூழலில், அதுவும் வேலாண்ட் என்ற திரைமுறையில், ஐபஸுக்குப் பதில் எஃப்சிடிக்ஸ்5 போடுகிறவர்களுக்கு வேறு கண்ணாமூச்சி. அதை இயக்கும் இடம் 'மெய்நிகர் விசைப்பலகை' என்ற தலைப்புக்குள் ஒளிந்திருக்கிறது. மேசைமேல் நிஜ விசைப்பலகை வைத்திருப்பவர் அங்கே எதற்கு எட்டிப் பார்க்கப் போகிறார்?

எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் தட்டச்சின் மேல் பழி போட வேண்டாம். தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவினால் சரியாகிவிடும்.

எல்லாம் அமைந்து, சூப்பரும் ஸ்பேஸும் சேர்த்துத் தட்டி மொழி மாறவும் ஆரம்பித்தாயிற்று. அடுத்தது, கட்டளை தட்டும் டெர்மினலில், நிர்வாகி உரிமை தரும் சூடோ கடவுச்சொல் கேட்கும். வழக்கமாகத் தட்டுவது எதுவும் திரையில் தெரியாது. இப்போதோ, பி-யில் (p) தொடங்கும் கடவுச்சொல்லாக இருந்தால், அடிக்கோடு போட்ட ஒரு 'ண' மெல்ல எட்டிப் பார்க்கும். அதைக் கவனிக்காமல் என்டர் தட்டினால் தப்பு என்று வரும். மூன்றாவது தடவையோடு சூடோ கதவைச் சாத்திவிடும். கடவுச்சொல் மறந்துவிட்டதோ என்று தலையில் கைவைக்கும் முன் மேல்பட்டையில் எந்த மொழி இருக்கிறது என்று பாருங்கள். ஓர் எழுத்துகூடப் பிசகாமல், சுத்தமான தமிழில் அடித்திருப்பீர்கள்.