பஸ் நிலையத்தில் சொட்டு மருந்து கொடுத்த ஞாயிற்றுக்கிழமை

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்துப் போலியோ முகாமுக்கு என்னை அனுப்பியபோது, நாட்டு நலப்பணித் திட்ட நண்பர்களுக்கு ஒரே பொறாமை. இரண்டு சொட்டு, விரலில் கொஞ்சம் மை, அவ்வளவுதானே என்றார்கள்.

காலை 7 மணிக்கு மேசை போட்டதும் நர்ஸ் அக்கா முதலில் காட்டியது மருந்துக் குப்பியின் லேபிளை. ஊதா வட்டம், அதற்குள் வெளிறிய சதுரம். சூடுபடச் சூடுபடச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பி உதவாது. “பெட்டியைச் சும்மா சும்மா திறக்காதே தம்பி” என்று மாலை வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

மருந்து புகட்டுவது அக்கா. பஸ்ஸில் ஏறி ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களைத் தேடுவதும், இடக்கைச் சுண்டுவிரலில் மை வைப்பதும் நான். சொட்டு நாக்கில் பட்டதுமே பிள்ளை கையை இறுக மூடிக்கொள்ளும். விரலைப் பிரித்து நகத்தோரம் கோடு இழுப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார்.

தேவனாம்பட்டினத்துப் பாட்டி ஒருவர் மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு, பேரனைத் தாமே தூக்கிவந்தார். “சளி பிடித்திருக்கிறது, கொடுக்கலாமா?” என்பது மட்டுமே அவர் கேள்வி. கொடுக்கலாம் என்றார் அக்கா. தம் தெருவில் கால் சூம்பிப்போன பிள்ளைகளைப் பார்த்தவர் அவர். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மறுத்தவர் சென்னை பஸ்ஸில் இருந்த இளம் தகப்பன். “போலியோதான் ஒழிந்துவிட்டதே? தனியார் மருத்துவமனையில் எல்லா ஊசியும் போட்டாயிற்று” என்றார். அக்கா பொறுமையாகச் சொன்னார்: ஊசி உங்கள் பிள்ளையை வாதத்திலிருந்து காக்கும், சொட்டு மருந்து குடலிலேயே எதிர்ப்பை உண்டாக்கி, கிருமி மலம் வழியாகப் பிறருக்குப் பரவுவதையும் தடுக்கும். இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011-ல் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தை. 2014-ல் போலியோ இல்லாத நாடு என்று நமக்குச் சான்றிதழ் கிடைத்தது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் கிருமி இன்னும் இருக்கிறது.

“பார்க்கலாம் மேடம்” என்றார் அவர். பஸ் கிளம்பிவிட்டது.

படிக்காதவர்கள்தான் மறுக்கிறார்கள் என்று மேடையில் யாராவது பேசினால் இனி நான் கைதட்டப்போவதில்லை. நோயைக் கண்ணால் பார்க்காத தலைமுறைக்குத்தான் சந்தேகம் அதிகம்.

ஊருக்குள் விடுபட்ட பிள்ளைகளை அடுத்தடுத்த நாட்களில் வீடு வீடாகப் போய்த் தேடுவார்கள். பஸ்ஸில் போனவரை எந்தத் தெருவில் தேடுவது என்று கேட்டேன். இறங்கும் ஊரில் பார்த்துக்கொள்வார்கள் என்றார் அக்கா. எனக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை.