ஆவன செய்யப்படும்

12.01.2025, ஞாயிறு

மீசை இன்று போய்விட்டது. கஸ்தூரியார் வீதிச் சலூனுக்குப் போனால் பத்துப் பேர் பார்ப்பார்கள் என்பதால் சலூன்காரரையே வீட்டுக்கு அழைத்து, பின்விறாந்தையில் கதிரை போட்டு எடுத்தார்கள். துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் "எப்பிடி சேர்?" என்று கேட்டபோது, முப்பது வருடமாக அந்த மீசைக்குக் கீழிருந்து வந்து பழகிய குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. மேலுதடு வெயில் படாத தோலாக வெளுத்திருந்தது. பத்தாம் வகுப்பில் என்னிடம் இலக்கணம் படித்தபோது நான் பார்த்த உதடு அது. வடிவாக இருக்கிறது என்று சொன்னேன். பொய்.

14.01.2025, செவ்வாய்

பொங்கல் படம் ஏழு தரம் எடுக்கப்பட்டது. பால் ஒரு தரம்தான் பொங்கியது.

19.01.2025, ஞாயிறு

கனடாவிலிருந்து வந்திருக்கும் அவருடைய பெறாமகன் இன்று என்னையும் இருத்தி வைத்துப் பாடம் எடுத்தான். விளம்பர வேலை தெரிந்த பிள்ளை. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். "சித்தப்பாவில ஆக்களுக்குக் கோபம் இல்லை அங்கிள், அலுப்பு" என்றான். நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் அவர் தோற்றதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் சொல்லத் துணியாததை அவன் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டான். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தேசிய மக்கள் சக்திக்குப் போக, மீதியைத் தமிழரசுக் கட்சியும் தமிழ்க் காங்கிரசும் ஒரு சுயேச்சைக் குழுவும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டன. எங்கள் பட்டியலில் 9 பேர் நின்றார்கள். தங்களுக்குள் வெட்டிக்கொண்டவர்களும் அதே 9 பேர்தான். விருப்பு வாக்கு அப்படித்தான் வேலை செய்யும். அவருடைய விருப்பு இலக்கம் இன்னமும் பலாலி வீதி மதில்களில் பாதி உரிந்தபடி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி மாநகர சபை. வட்டாரத் தேர்தலில் விருப்பு இலக்கமும் இல்லை, மாவட்டம் முழுவதும் மேடை போடும் வேலையும் இல்லை. சில நூறு வீட்டுப் படலைகளைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆகவே நஷனலும் வேட்டியும் கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் என்று முடிவாயிற்று. வட்டாரத்துக்குக் கைமடித்த நீலச் சேட்டும் சாதாரணச் செருப்பும். கறுப்பு வாகனம் கராச்சுக்குள் நிற்கும், ஓட்டோவில்தான் போக்குவரத்து. கடைசியாக என் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாக, "ஒரு வீடியோ நாப்பது செக்கன் அங்கிள்" என்றான். என்னுடைய வாக்கியம் ஒன்று அதைவிட நீளம் என்பது எனக்கும் தெரியும்.

26.01.2025, ஞாயிறு

இரவு கொப்பியை எடுத்துப் பார்த்தேன். 2018 பெப்ரவரியில் அவர் முதன்முதல் சபைக்குத் தெரிவானதிலிருந்து 2023 மார்ச்சில் சபையின் காலம் முடியும் வரையில் வந்த கடிதங்களை இலக்கமிட்டு, திகதியிட்டு, என் கையால் பதிந்த நீல மட்டைச் சீ.ஆர். கொப்பி. மொத்தம் 640. தெருவிளக்கு, சோலைவரி, வெள்ளம் நிற்கும் ஒழுங்கை, குப்பை வண்டி வராத கிழமைகள், பக்கத்து வீட்டு வேலி. ஒவ்வொன்றுக்கும் எதிரே "பதில் அனுப்பப்பட்டது" என்று இருக்கிறது. பதிலை எழுதியவன் நான். "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. இவ்விடயம் உரிய அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டு ஆவன செய்யப்படும்."

கிடைக்கப்பெற்றது, கொண்டுவரப்பட்டு, செய்யப்படும். முப்பத்தொரு வருடம் செயப்பாட்டு வினை படிப்பித்தவன் நான். செயப்படுபொருள் எழுவாயாகிவிடும், செய்பவனைச் சொல்லாமலே விட்டுவிடலாம் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவனும் நானே.

04.02.2025, செவ்வாய்

இன்றைக்குக் குரல். மார்கரெட் தட்சர் பிரதமராவதற்கு முன் பயிற்சி எடுத்துத் தன் குரலைத் தாழ்த்திக்கொண்ட கதையைப் பெறாமகன் சொன்னான். எங்கள் ஆளுக்கும் குரலைத் தாழ்த்தத்தான் வேண்டும், ஆனால் காரணம் வேறு. ஒலிபெருக்கிக் கட்டுக்குப் பழகிய தொண்டை அது. முற்றவெளியில் பேசினால் பண்ணையில் கேட்கும். கைபேசிக்கு முன்னால் அந்தக் குரல், பக்கத்தில் இருப்பவரைத் திட்டுவது போல இருக்கிறது. மூன்று மணி நேரம் "அம்மா, எப்பிடி இருக்கிறியள்?" என்று சொல்லிப் பழகினார். பதினைந்தாவது தரத்தில் உள்ளேயிருந்து அவருடைய மனைவி, "நல்லா இருக்கிறன்" என்று பதில் சொன்னார்.

நெடுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

09.02.2025, ஞாயிறு

நான் எழுதிக் கொடுத்த உரையில் மிஞ்சியவை: "வணக்கம்", "எங்கட ஊர்", "நன்றி".

18.02.2025, செவ்வாய்

2023 வேட்புமனுக்களை இரத்துச் செய்யும் சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. அந்த வருடம் மார்ச் 9 இல் நடப்பதாக இருந்து, காசில்லை என்று நின்றுபோன தேர்தலுக்காக அடித்த சுவரொட்டிகள் கராச்சின் மூலையில் இரண்டு கட்டுக் கிடந்தன. எல்லாவற்றிலும் மீசை. மாலையில் கிணற்றடிக்குப் பின்னால் வைத்துக் கொளுத்தினார்கள். பளபளப்புக் கடதாசி இலேசில் எரியாது. ஓரம் கருகி, சுருண்டு, முகம் கடைசிவரை நின்றது. அவர் விறாந்தையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை. கொப்பியை இன்றைக்காவது காட்டலாம் என்று பையில் கொண்டுபோயிருந்தேன். காட்டவில்லை.

20.02.2025, வியாழன்

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் கொட்டகை போட்டு இருக்கத் தொடங்கி இன்றோடு எட்டு வருடம். 2017 இல், முதல் மாதத்திலேயே, அவர் அங்கே போய்த் தரையில் இருந்து எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அதை அவருடைய முகநூல் பக்கத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று பெறாமகன் கேட்டான். வாய்க்கால், விளக்கு என்று பேசும்போது அந்தப் படம் "மூட்" ஐக் குழப்புகிறதாம். என் வாழ்நாளில் அவரைக் குரல் உயர்த்திப் பேச வேண்டாம் என்று சொன்னவர்கள் எல்லோரும் அப்போது அங்கே இருந்திருக்க வேண்டும். "அதில கை வைக்காத" என்றார், பழைய குரலில்.

அதற்காக அவரை மெச்சினேன். வீட்டுக்கு வந்த பிறகு, அந்த எட்டு வருடத்தில் அவர் அங்கே எத்தனை தரம் போனார் என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்து இரண்டு.

26.02.2025, புதன்

சிவராத்திரி. நித்திரை முழிப்பதற்குச் சாட்டு வேண்டாத வயது எனக்கு.

முகம் மாற்றுவது இந்த நாட்டில் புதிது அல்ல. ஒக்ஸ்போர்டில் படித்து வந்த பண்டாரநாயக்கா கோட்டைக் கழற்றித் தேசிய உடைக்கும், கிறிஸ்தவத்திலிருந்து பௌத்தத்துக்கும் மாறினார். 1956 இல் அவர் எதைச் சொல்லி வென்றார் என்பதை எங்களுக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை. அதே தேர்தலில்தான், 1952 இல் காங்கேசன்துறையில் நடேசனிடம் தோற்றுப்போன செல்வநாயகம் திரும்பவும் வென்றார். அமிர்தலிங்கம் 1970 இல் வட்டுக்கோட்டையில் தோற்று, 1977 இல் காங்கேசன்துறையில் வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். இவர்கள் இருவரும் மீசையையோ குரலையோ மாற்றியதாக நான் அறியேன். இதைச் சொன்னால் பெறாமகனிடம் பதில் தயாராக இருக்கும்: ஜே.வி.பி. மணியை வைத்துவிட்டுத் திசைகாட்டியைத் தூக்கியது, 2019 ஜனாதிபதித் தேர்தலில் 3 வீதம் எடுத்த அதே அநுர 2024 இல் முதல் எண்ணிக்கையிலேயே 42 வீதம் எடுத்தார். அவன் சொல்வதும் உண்மைதான். ஆனால் அந்த ஐந்து வருடத்துக்குள் பெற்றோல் வரிசையும் எரிவாயு வரிசையும் இருட்டும் வந்து போயின. அவற்றைச் சின்னத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

எங்களுக்கு அந்த நான்கு, ஏழு, ஐந்து வருடங்கள் கிடையாது. நவம்பரில் தோற்றவர் மார்ச்சில் வேறு ஆளாக வர வேண்டும்.

யாரால் செய்யப்படும்?

02.03.2025, ஞாயிறு

நாவாந்துறையில் வாய்க்கால் ஓரம் படப்பிடிப்பு. நவம்பர் வெள்ளத்தில் அடைந்த சேறு இன்னமும் அங்கே கிடக்கிறது. அவர் மண்வெட்டியைப் பிடித்த விதத்தைப் பார்த்து ஒரு சிறுவன் வாங்கித் தானே வெட்டிக் காட்டினான். அதையும் எடுத்தார்கள். அந்தப் பகுதிதான் நன்றாக வந்திருந்தது.

08.03.2025, சனி

இதை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

குருநகரில் பதினோராவது வீடு. முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு தாயார், எழுபது வயது இருக்கும், எழும்பாமலே எங்களை இருக்கச் சொன்னார். அவர் குனிந்து, பழகிய குரலில் "அம்மா, எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்டார். தாயார் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய், சொப்பிங் பை ஒன்றில் சுற்றிய கடிதத்தைக் கொண்டுவந்தார். மடிப்பில் கிழிந்து, அரிசிப் பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. "முந்தி ஒருத்தர் இருந்தவர் தம்பி, பெரிய மீசைக்காரர். இந்தக் கானுக்கு மூடி போட்டுத் தரச் சொல்லி நாலு தரம் போனனான். பேரப்பிள்ளை விழுந்து கால் முறிஞ்ச பிறகும் போனனான். இதைத்தான் தந்தவர். நீங்களாவது பாருங்கோ."

நான் படலையடியில் நின்றேன். அவ்வளவு தூரத்திலிருந்தும் கடிதத் தலைப்பின் சிவப்புக் கோடு தெரிந்தது. எங்கள் சந்தன நிறத் தாள். அவர் வாசித்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார். "பாக்கிறன் அம்மா" என்றார். அந்த மீசைக்காரர் நான்தான் என்று சொல்வதற்கு, என் கணக்கில், ஒரு நிமிடம் இருந்தது. பெறாமகனின் கைபேசி அசையாமல் நின்றது.

ஓட்டோவில் திரும்பும்போது பண்ணைப் பாலம் வரை பேச்சில்லை. பிறகு, வெளியே பார்த்தபடி, "அது உங்கட வசனம்தானே சேர்?" என்றார்.

"கையெழுத்து உம்முடையது" என்றேன்.

09.03.2025, ஞாயிறு

கொப்பியில் 212. 2019 ஓகஸ்ட். "குருநகர், கான் மூடி." பதில் அனுப்பப்பட்டது.

11.03.2025, செவ்வாய்

அந்த வீடியோவை இதுவரை எதையும் பார்க்காத அளவுக்கு ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். நாற்பது செக்கன்: தாயார், சொப்பிங் பை, கடிதம், குனிந்த தலை, "பாக்கிறன் அம்மா". மீசைக்காரர் வெட்டி எடுக்கப்பட்டுவிட்டார். யாரோ ஒரு கையாலாகாத பழைய ஆளிடமிருந்து ஊரை மீட்க வந்தவர் போல எங்கள் ஆள் நிற்கிறார். பார்த்தால் எனக்கே வாக்குப் போடலாம் போலிருக்கிறது, அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது.

கானுக்கு மூடி போடும் கதையை இன்று யாரும் எடுக்கவில்லை.

12.03.2025, புதன்

கொப்பி இருக்கும் விஷயத்தை அவரே பெறாமகனிடம் சொல்லியிருக்கிறார். பிள்ளை ஓடோடி என் வீட்டுக்கு வந்துவிட்டான். 640 பேர், பெயரும் விலாசமும் முறைப்பாடும், எல்லாம் ஒழுங்காக, கையெழுத்தில். இப்படி ஒரு பொருளுக்கு அங்கே காசு கொடுப்பார்களாம். வட்டாரத்துக்குள் வரும் விலாசங்களைப் பிரித்து, நாளுக்கு மூன்று வீடு போகலாம் என்றான். இரண்டு மாதமாக நான் கேட்க நினைத்ததும் அதுதான்: இந்தக் கொப்பியோடு ஒவ்வொரு வீடாகப் போக வேண்டும் என்பது. கைபேசி இல்லாமல் போகலாமா என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது.

கொப்பியைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது அரிசிப் பெட்டிக்குள் இருக்கிறது.

15.03.2025, சனி

சபை கலைந்து இரண்டு வருடமாக ஆணையாளரின் கையில்தான் நிர்வாகம் இருக்கிறது. அவருக்கு என் சொந்த விலாசத்திலிருந்து, என் சொந்தப் பெயரில் ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். "குருநகரில் நான் பார்த்த கான் ஒன்றுக்கு" என்று தொடங்கியது. பிறகு "மூடி இடப்பட வேண்டும்" என்று கை தானாகவே போயிற்று. நாலு தாள் கிழித்தேன்.

17.03.2025, திங்கள்

வேட்புமனு ஏற்பு இன்று தொடக்கம். அவர் தொலைபேசியில் பேசினார். நஷனல் போடுவதா நீலச் சேட் போடுவதா என்று என்னைக் கேட்டார். பெறாமகனிடம் கேட்கச் சொன்னேன். "உங்களைத்தான் சேர் கேக்கிறன்" என்றார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. "கானைப் பற்றி ஏதும் செய்தீரா?" என்றேன். "வென்றால்" என்று தொடங்கியவர் முடிக்கவில்லை, யாரோ கூப்பிட்டுவிட்டார்கள்.

19.03.2025, புதன்

மீசை முளைக்கத் தொடங்கியிருக்கிறது. இரண்டு நாள் ஓடித்திரிந்ததில் மழிக்க நேரம் கிடைக்கவில்லையாம். நரை.

20.03.2025, வியாழன்

கச்சேரி வாசலில் காலை ஒன்பது மணியிலிருந்து நிற்கிறேன். நண்பகலோடு ஏற்பு முடிந்தது. ஆட்சேபனைக்கு ஒன்றரை வரை நேரம். பட்டியலில் ஒரு பிரதியில் கையொப்பம் சரியில்லை என்று யாரோ ஒருவர், அப்படி ஒன்றும் இல்லை என்று இன்னொருவர். நீலச் சேட்டோடுதான் உள்ளே போனார். ஆணையாளருக்கான கடிதம் என் சட்டைப் பையில் இருக்கிறது, தபாற்கந்தோர் நாலு மணிக்குப் பூட்டிவிடும். பெறாமகன் வந்து தேத்தண்ணி வாங்கித் தந்துவிட்டு, கொப்பி கிடைத்ததா என்று இன்னொரு தரம் கேட்டான். நான்