அப்பச்சியின் ஜீப்பும் தம்பியின் எம்ஜியும்

சித்தப்பா மகன் எங்கிருந்தோ எம்ஜி டிடி என்ற பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து முகப்பில் இறக்கிவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. மற்ற வீட்டுப் பங்காளிகள் பொது வீட்டின் அறைக்கும் ஆல்வீட்டுக்கும் சண்டை போடுவார்கள். எங்களுக்கு வாய்த்தது சக்கரச் சண்டை.

அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அவருடைய வில்லிஸ்தான் வண்டி, மீதியெல்லாம் பொம்மை. போர்க்கால ஜீப், அவருடைய அப்பா, எங்கள் ஐயா, ஏலத்தில் எடுத்தது. "பர்மாச் சண்டையில ஓடின ரகம்டா" என்று தொடங்கினால், 1942-ல் பர்மாவில் தொழில் செய்த நம் செட்டிநாட்டு ஆட்கள் கடையையும் கணக்கையும் போட்டது போட்டபடி நடந்தே திரும்பிய கதைக்கு அப்படியே போய்விடுவார். அதற்குப் பயந்தே யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

தம்பிக்குப் பயமில்லை. 1250 சிசி, 54 குதிரைத்திறன், நாலு கியர் என்று அடுக்கினான்.

"என்னுது 2200 சிசி, 60 குதிரை. கியர் மூணுதான், ஆனா நாலு சக்கரமும் இழுக்கும்."

"இது 120ல போகும் பெரியப்பா."

"எங்க, பள்ளத்தூர் ரோட்லயா?"

அதோடு அடங்கிவிட்டான். எங்கள் பக்கத்து வேகத்தடைகள் அப்படி. கட்டினவர் யாரோ, தன் வீட்டுத் திண்ணைக்கு எடுத்த அளவையே ரோட்டுக்கும் வைத்துவிட்டார். எம்ஜியின் வயிறோ தரையைத் தொட ஆசைப்படும் வயிறு.

ஜீப்பும் லேசுப்பட்டதில்லை. பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பங்கில் அப்பச்சி இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, மெத்தையைத் தூக்கிப் பிடிக்கும்வரை பின்னால் நிற்பவர்கள் ஹாரனாலேயே வைவார்கள். ஸ்டீயரிங் வேறு இடப்பக்கம். லாரியை முந்த வேண்டுமென்றால் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவன் தலையை நீட்டிப் பார்த்து "போங்க" என்று சொல்ல வேண்டும். அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து அந்த உத்தியோகம் எனக்குத்தான். அப்பச்சியின் உயிர் எத்தனை தடவை என் கழுத்தில் தொங்கியது என்று அவருக்கே தெரியாது.

சத்தம் கேட்டு அப்பத்தா வெளியே வந்தார். எம்ஜியின் தகரத்துக்கு உள்ளே முழுக்க மரச்சட்டம் என்று தம்பி பெருமையாகச் சொன்னதும் கண் விரிந்தது.

"என்ன மரம், பர்மாத் தேக்கா?"

"ஆஷ்னு ஒரு இங்கிலீஷ் மரம் அப்பத்தா."

வீட்டுத் தூண்களை ஒரு பார்வை பார்த்தார். காரை ஒரு பார்வை பார்த்தார். "தேக்கு கெடைக்கலையாக்கும், பாவம்."

அப்பச்சிக்கு வாயெல்லாம் பல். சரி, தீர்ப்பு வந்துவிட்டது என்று கிளம்பப் பார்த்தேன். அப்பத்தா கம்பை என் கையில் கொடுத்துவிட்டு, பின்பக்கம் கீல் வைத்த அந்தக் கதவைத் திறக்கச் சொல்லி எம்ஜியில் உட்கார்ந்துவிட்டார். "சிவன் கோயில் வரைக்கும் விடுடா. அந்த ஜீப்புல ஏற எனக்கு முட்டி தூக்க முடியல. ரெண்டு வருசமாச்சு, ஒங்க பெரியப்பாகிட்ட சொல்லவா முடியும்?"

அப்பச்சி அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

வண்டி நடைவேகத்தில் போனது. வேகத்தடையில் அடி உரசியது, தம்பி துடித்தான், அப்பத்தா சிரித்தார். கோயிலில் இறங்க முடியாமல் மூன்று பேர் சேர்ந்து தூக்கினோம்.

நேற்று காலையில் ஆசாரி வந்து ஜீப் பக்கத்தில் குந்தி அளவெடுத்துக்கொண்டிருந்தார். படி ஒன்று வேண்டுமாம், தேக்கில்.